பாருக்குப் போற மருமவனே

வாரும் வே மருமவனே, தாராளமா வாரும். வாட்ஸப்புல நீரு அனுப்புன படத்தப் பாத்தேன். கட்டில் நெறையப் பரப்பி வச்சிருக்கிற சாமானுக்கு முன்னால பொண்ணு வீட்டுச் சீர்வரிசை தோத்துரும். கம்பு மூணு, ஜப்பான் ரீலு ரெண்டு, எட்டு இழை பின்னுன நரம்பு, பொட்டி நெறைய ஈயத்துல வார்த்த பொய் மீனு. ஜிக்குன்னு பேரு போட்டிருந்தீரு. கறுப்புக் கண்ணாடி வேற. மீனு உம்ம அடையாளம் கண்டுரப்புடாதுன்னு மூஞ்சிய மூடுத துணியும் வாங்கியிருக்கீரு, நல்ல யோசனை. எல்லாம் இருக்கு, சாளைதான் இல்ல. இரைக்கு நாலு சாளையும் ஒரு கணவாயும் நான் ஏலத்துல எடுத்து வச்சுக்கிடுதேன், அதுக்காக நீரு சங்கடப்படாதேயும். இந்தத் துட்டுக்கு எத்தன வருசத்துக்கு மீனு வாங்கலாம்னு உம்ம அத்தை கணக்குப் போட ஆரம்பிச்சா. நாந்தான் பாதியில நிப்பாட்டுனேன்.

கூடவே ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தீரு. புளோரிடாக்காரன் ஒருத்தன், குளிர்காலம் வந்ததும் ஆழத்துக் கலவா மீனு கரைப்பக்கம் ஏறி வந்துரும், சின்னப் படகே போதும்னு சொல்லுதான். அவன் ஊருக்கு அது சரி. வடக்கேயிருந்து குளிர் எறங்குனா மெக்சிகோ வளைகுடாவுல கரைத் தண்ணி நெசமாவே சில்லிட்டுப் போவும், மீனும் எடம் மாறும். நம்ம மார்கழித் தண்ணியில நீரு எறங்கிப் பாரும், 26, 27 டிகிரிதான் இருக்கும். உம்ம ஆபீசு ஏசி அதவிடக் குளிரும். இந்தக் குளிருக்குப் பயந்து எந்தக் கலவா வே கம்பளி தேடிக் கரைக்கு வரப் போவுது?

நம்ம பக்கம் வாடைக் காலத்துல மீனு கடிக்கிறதும் கடிக்காததும் குளிரக் கேட்டு நடக்காது. காத்தக் கேட்டு, நீவாட்ட, அதான் கடல் நீரோட்டத்த, கேட்டு, தண்ணி கலங்கிக் கெடக்கா தெளிஞ்சு கெடக்கான்னு கேட்டுத்தான் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில மழை ஊத்துனா தாமிரபரணி புன்னக்காயல்ல கொண்டு வந்து கொட்டுத செம்மண் தண்ணி, கரையோரம் தெக்க இழுபட்டு வரும். 2023 டிசம்பர்ல காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி நேரத்துல கரைப் பாருல, அதான் கடலடிக் கல்லுத் திட்டுல, போயி உம்ம பொய் மீன ஆட்டுனா, அது மினுங்குறது உமக்கே தெரியாது, மீனுக்கு எப்பிடித் தெரியும்? கலக்கத்துல வாசனையுள்ள இரைக்குத்தான் மதிப்பு. செத்துப் போன சாளை அன்னிக்கு உம்ம ஜப்பான் சாமான ஜெயிச்சிரும்.

காத்த எடுத்துக்கிடும். கொமரி முனையத் தாண்டி மேக்க, கொளச்சல் பக்கம், தையில கடலு அலுங்காமக் கெடக்கும். இந்தப் பக்கம் வாடை அடிக்கும், விடியக்காலம் கொஞ்சம் அடங்கி, வெயிலு ஏற ஏற அதுவும் ஏறும். ராமேஸ்வரத்துக்காரனக் கேட்டா இன்னும் நல்லாச் சொல்லுவான். அவனுக்கு பாக் விரிகுடாப் பக்கம் பொம்பளைக் கடலு, மன்னார் வளைகுடாப் பக்கம் ஆம்பளைக் கடலு. வருசத்துல முக்காவாசி நாளு பொம்பளைக் கடலு சாதுவாக் கெடக்கும், ஆம்பளைக் கடலு துள்ளும். வாடை வந்துட்டா அவ ஆடுத ஆட்டத்துல இவன் ஒடுங்கிருவான். அதனால படகத் தெக்க கொண்டாந்து தொழில் செய்வாங்க. கலியாணம் ஆனவனுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. உமக்கு இந்தத் தையில முடியுதுன்னு கேள்விப்பட்டேன், அடுத்த வாடைக்குள்ள புரிஞ்சிரும்.

நீவாட்டுக்கு வாரேன். உம்ம வீடியோக்காரன் அதப் பத்தி வாயத் தொறக்கல. இந்தக் காலத்துல வடக்கேயிருந்து தெக்க ஓடுத வாநீவாடுதான் பெலமா இருக்கும். மேல பாத்தா தண்ணி சும்மா கெடக்குத மாதிரி இருக்கும், ஈயத்த விட்டா தூண்டி நேரா எறங்காம சாஞ்சு எங்கேயோ போவும். நீரு பாருல போட்டுருக்கேம்னு நெனச்சிக்கிட்டு மண்ணுல போட்டுட்டு உக்காந்திருப்பீரு. அமாவாசை, பௌர்ணமி ஒட்டுன நாள்ல இழுப்பு கூடுதல். அட்டமி, நவமியில கொறையும். கரையில இருக்கிறவன் அட்டமி நவமியில செருப்புக்கூட வாங்க மாட்டான். பாருல தூண்டி போடுதவனுக்கு அதுதான் முகூர்த்த நாளு. உம்ம அம்மைகிட்ட இதச் சொல்லாதேயும், அவ கலியாண நாளு குறிச்சிருக்கா.

நங்கூரக் கல்லப் போடுததுலயும் ஒரு நெளிவு இருக்கு. கூகுளுல பாரு வந்துட்டுன்னதும் 'தொபுக்'னு அது தலையில நங்கூரத்தப் போடுதவன் உண்டு. மீனு கலைஞ்சு போவும், நங்கூரம் இடுக்குல மாட்டும், அறுத்துட்டு வரணும், பவளம் இருந்தா அதும் ஒடைஞ்சு போவும். நீவாடு எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கமாத் தள்ளி மண்ணுல போடணும். அப்புறம் கயித்தக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, படகு தானாப் பின்னுக்குப் போயி பாரு வெளிம்புல நிக்கணும். தூண்டிய எறக்குனா ஈயம் 'டக்'னு கல்லுல தட்டுதது வெரலுக்குத் தெரியும். அந்தத் தட்டு தெரிஞ்சதும் அரப் பாகம் தூக்கிப் பிடிக்கணும். பாகம்னா ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம். உம்ம கையுறையில வெரல மட்டும் வெட்டி வச்சிருக்கானே, அவன் வெவரம் தெரிஞ்சவன்.

இப்ப நீரு ஆரம்பத்துலேருந்தே கேக்கணும்னு துடிச்சிக்கிட்டு இருக்கிற சமாச்சாரத்துக்கு வருவோம். "மாமா, நம்ம பாரோட ஜிபிஎஸ் நம்பர் மட்டும் அனுப்புங்க"ன்னு கடைசி வரியில சாதாரணமா எழுதியிருந்தீரு. ஏதோ கரண்டு பில் நம்பர் கேக்குத மாதிரி. 'நம்ம' பாருன்னு வேற.

கேளும். ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னால எங்க அப்பன் பாட்டன் பாரக் கண்டுபிடிச்சது கடலப் பாத்து இல்ல, கரையப் பாத்து. கணியம்னு சொல்லுவோம். கிட்ட ஒரு அடையாளம், எட்ட ஒரு அடையாளம். ரெண்டும் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வந்து நின்னா நீரு ஒரு கோட்டு மேல இருக்கீரு. வேற தெசையில அதே மாதிரி இன்னொரு சோடி. ரெண்டு கோடும் வெட்டிக்கிடுத எடத்துல பாரு. ஊரு வளர வளர கணியமும் மாறும். மணப்பாட்டு மணல்மேட்டுச் சிலுவைக் கோயில் 1581-ல கட்டுனது, அது பழைய அடையாளம். அதுக்குப் பொறவு லைட் ஹவுஸ் வந்துது. உவரியில கப்பல் மாதா கோயிலக் கட்டுனாங்க. கூடங்குளத்துல அணு உலை வேண்டாம்னு எத்தனையோ பேரு மண்ணுல உக்காந்தாங்க. உலை வந்துட்டு. இப்ப அந்த ரெண்டு உருண்ட மண்டையும் கணியத்துல சேந்துட்டு. சோகத்த விடும், எட்டத்துக்குத் தெரியுது. மின்சாரக் காத்தாடி மட்டும் கணியத்துக்கு ஆவாது வே. ஒண்ணு ரெண்டு இருந்தா அடையாளம், காடா நின்னா எதுன்னு சொல்ல?

வாடைக் காலத்துல இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மார்கழிப் பனி மூட்டம் விடியக்காலம் கரைய மூடிரும், பனைமரம் தெரியாது, கோயில் தெரியாது. கருக்கல்லயே போயி நிக்கிறவன் சும்மா மெதந்துக்கிட்டு கெடப்பான். அதே நேரம் மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாளு காலையில பாரும், கெழக்கேயிருந்து வெயிலு விழுந்ததும் மகேந்திரகிரி மடிப்பு மடிப்பாத் தெரியும், கையெட்டுனா தொடலாம் போல. அந்த ஒரு மணி நேரத்துல அப்பன் மகனுக்குக் கணியம் காட்டிக் கொடுப்பான். பக்கத்துப் படகு தெரிஞ்சா வேற பக்கம் கைய நீட்டுவான். எழுதி வைக்க மாட்டான். எழுதுனா எவனாவது படிப்பான்லா.

சரி, கேட்டுட்டீரு, சொல்லாம இருந்தா மாமன் கருமின்னு பேரு வந்துரும். குறிச்சுக்கிடும். மணல்மேட்டு ஒத்தப் பனைய மகேந்திரகிரி முடிக்கு நேரா ஏத்தும். ஏத்திக்கிட்டே தெக்க லைட் ஹவுஸ் கோயிலுக்குப் பின்னால ஒளியுத வரைக்கும் வெலங்க, அதான் கடலுக்குள்ள தள்ளி, போவும். பத்துப் பாகத்துல கல்லு தட்டும். அதான் எடம், விளமீனும் கலவாயும் செப்பிலியும் கெடக்குத எடம். ஒரே ஒரு சின்ன விசயம். அந்த ஒத்தப் பனை ஒக்கிப் புயல் அடிச்ச வருசம் சாஞ்சிட்டு. அது நின்ன எடம் எனக்குத் தெரியும், அதனால எனக்கு ஒண்ணும் கொறையில்ல.

எங்கிட்டயும் ஜிபிஎஸ் இருக்கு வே, நான் ஒண்ணும் கற்காலத்து ஆளு இல்ல. பிளாஸ்டிக் பையில சுத்தி அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்கேன். ஈரம் படப்புடாதுலா.

கலவா கடிச்சா என்ன செய்யணும்னு சொல்லுதேன், அதுலயாவது உம்ம ரீலுக்கு வேல இருக்கட்டும். கடிச்ச அடுத்த நிமிசமே அது பொந்துக்குள்ள போவப் பாக்கும். மொத ரெண்டு பாகம் யோசிக்காம மேல ஏத்திரணும். அங்கன நின்னு "மாமா, கடிக்குது!"ன்னு கத்துனீருன்னா அது உள்ள போயி செவுள விரிச்சு அடச்சுக்கிடும். அதுக்கப்புறம் இழுத்தா நரம்புதான் அறும். அப்ப ஒரே வழி, நரம்பத் தளத்திப் போட்டுட்டு வெத்தல போடும். ஆபத்து போயிட்டுன்னு அதுவா வெளிய வரும், அப்பப் பிடிச்சு இழுக்கணும். பொறுமையில்லாதவன் படகுல ஏறவே வேண்டாம்ங்கது எங்க கட்சி. ஆனா உம்ம விட்டுட்டுப் போவ மனசு வரல, டீசலுக்குப் பாதி தாரேன்னு சொல்லியிருக்கீரே.

இன்னொரு சேதி, இத உம்ம வீடியோக்காரனும் சொல்லியிருக்க மாட்டான். கலவா சின்னதுல பொட்டையா இருக்கும், வளந்து பெருசானப் பொறவு ஆணா மாறும். நீரு போட்டோவுக்குன்னு பெருசாத் தேடிப் பிடிச்சுக்கிட்டே இருந்தா பாருல ஆம்பளையே மிஞ்சாது. சின்னதையே பிடிச்சாலும் முட்டை போட ஆளு இருக்காது. நடுத்தரமா நாலு போதும் வே. கொழம்புக்கும் அதான் ருசி.

பிடிச்சுப் படம் எடுத்துட்டு உயிரோட விட்டுருவேம்னு எழுதியிருந்தீரு. படிச்சதும் உம்ம அத்தைக்குக் கண்ணு கலங்கிட்டு, கொழம்ப நெனச்சு. கரைப் பாருல, அஞ்சாறு பாகத்துல பிடிச்சதுன்னா விடும், பொழைச்சுக்கிடும். இருபது முப்பது பாகத்துலேருந்து ஏத்துன மீனப் பாத்திருக்கீரா? கீழ அழுத்தத்துல அடங்கிக் கெடந்த காத்துப்பை மேல வர வர ஊதும். வகுறு வாய் வழியா வெளிய வரும், கண்ணு பிதுங்கும். அத நீரு முத்தம் கொடுத்து விட்டாலும் முங்காது, மல்லாந்து மெதக்கும், பருந்து தூக்கிட்டுப் போவும். அமெரிக்காக்காரன் இதுக்குன்னே 2022-ல மெக்சிகோ வளைகுடாவுல சட்டம் கொண்டாந்தான். பாரு மீனு பிடிக்கப் போறவன், மீன ஈயம் கட்டித் திரும்பக் கீழ எறக்குத கருவியோ காத்த எறக்குத ஊசியோ படகுல தயாரா வச்சிருக்கணும்னு. உம்ம பொட்டியில அது ரெண்டும் இல்ல. அப்ப ஆழத்துல பிடிச்சா திங்கணும். புண்ணியம் தேடுததுன்னா கரையில நின்னு தேடும்.

ஆழம்னதும் வெட்ஜ் பேங்கு போவணும்னு ஆரம்பிச்சுராதேயும். கொமரிக்குத் தெக்க சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் கெடக்குத மேட்டுக் கடல் அது, மீனு வெளையுத எடம். இலங்கைக்காரனும் அங்க தொழில் செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தான். 1976 ஒப்பந்தத்துல அது நமக்குன்னு ஆச்சு, அவங்களுக்கு மூணு வருசம் தவணை கொடுத்து அனுப்புனாங்க. அங்க போறதுன்னா காலையில போயி மத்தியானம் சாப்பாட்டுக்கு வர்ற கத இல்ல. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரங்க போவாங்க, அதத் தாண்டியும் வாரக்கணக்குல போவாங்க. தூண்டித் தொழில்ல அவங்களுக்கு நிகரில்ல. 2017 ஒக்கிப் புயல்ல அவங்கதான் அதிகமாச் செத்துப் போனாங்க. நவம்பர் 29 காலையில தாழ்வு மண்டலம், 30 காலையில புயல். ஒரு நாளு. கரைக்குச் செய்தி வந்தப்ப கடலுக்குள்ள இருந்தவனுக்குச் சொல்ல வழியில்ல. அதுக்கப்புறம்தான் சாட்டிலைட் கருவி, அது இதுன்னு படகுல ஏறுச்சு. இதுல நான் வெளையாட மாட்டேன் வே. தூத்துக்குடி துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டான்னா, ஒண்ணாம் நம்பரா இருந்தாலும், அன்னிக்கு நாம திண்ணையில. லீவு வீணாப் போச்சேன்னு மொனங்குனீருன்னா முறுக்கு தாரேன், கடிச்சுக்கிடும்.

வடக்க தீவுப் பக்கம் போலாமான்னும் கேட்டீரு. தூத்துக்குடி வான் தீவுலேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவு, 1986-லேருந்து தேசியப் பூங்கா. அங்க தூண்டியோட போயி நின்னா மீனு பிடிக்காது, வனத்துறை பிடிக்கும். அவங்க பிடிக்கிறதுலயும் நியாயம் இருக்கு. பவளப்பாறைய வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏத்துனதுல, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணிக்குள்ள போயிட்டு. மிச்சத்த 2010-லயும் 2016-லயும் கோடைச் சூடு வெளுத்துவிட்டுது. அத அப்பிடியே விட்டுரும். நமக்குக் கல்லுப் பாரு போதும்.

படகுல ஏறுத அன்னிக்கு ஓட்டல்ல நெய் ரோஸ்டு திங்காதேயும். பழஞ்சோறும் வெங்காயமும் போதும். ஆதார் கார்டு கைவசம் இருக்கட்டும், கடலோரப் போலீசுக்காரன் நடுவழியில நிப்பாட்டுனா உம்ம மூஞ்சி மீன்காரன் மூஞ்சி இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சிரும். லைப் ஜாக்கெட்ட சும்மா தோள்ல போடாம மாட்டும். வாந்தி வந்தா அணியத்துல நின்னு எடுக்காதேயும், காத்து அத எங்க மேல கொண்டாந்து போடும். பின்னால போயி எடும். வெக்கப்பட வேண்டாம், சூடை மீனு மொய்க்கும், சூடைய வெரட்டிப் பாரை வரும். உம்மால படகுக்கு ஒரு லாபம்.

கடைசியா லீவு விசயம். டிசம்பர் 24-லேருந்து புதுவருசம் வரைக்கும் ஆபீசுல எழுதிக் கொடுத்துட்டேன்னு எழுதியிருந்தீரு. எட்டு வருசம் சென்னையில இருந்தா சொந்த ஊரு மறந்துரும் போல. ஞாயித்துக்கெழமையே கடல்ல எறங்காத ஊரு வே இது. கிறிஸ்துமஸ் வாரத்துல எவன் வே உமக்குப் படகு தள்ளுவான்? எல்லாரும் குடிலு கட்டிக்கிட்டு இருப்பான், இல்லன்னா குடிச்சுட்டுக் கெடப்பான். அந்த லீவ ரத்து பண்ணும். தை பெறந்து கலக்கம் வடியட்டும், வளர்பிறை அட்டமிய ஒட்டி ஒரு நாளு பாத்துச் சொல்லுதேன். மறுநாளு நவமி, அதும் நமக்குக் கையில இருக்கும். ரெண்டு நாளும் படலன்னா, தசமிக்கு ஏலத்துல நல்லதா ஒரு கலவா எடுத்துத் தாரேன். ஐஸத் தொடச்சுட்டுத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுத்துக்கிடும். நான் மூச்சு விட மாட்டேன்.